ஆத்தூர்ப் பதிவேடுகள் இரண்டையும் ஒரே துணியில் கட்டியது குறித்து

பெயர்: ஐரின். வயது: 15. தந்தை பெயர்: செபஸ்தியான். தாய் பெயர்: பிரிஸ்கில்லா. முகவரி: மேட்டுப்பட்டி, திண்டுக்கல். பத்தாம் வகுப்பு மாணவி.

நான் மேற்படி முகவரியில் பெற்றோருடன் குடியிருந்து வருகிறேன். இன்று 09.10.2025 வியாழக்கிழமை காலை 10.15 மணிக்கு என் அம்மாவுடன் காவல் நிலையத்தில் ஆஜராகி, உதவி ஆய்வாளர் சுகன்யா அவர்களிடம் அனுமதி கேட்டு, இந்த வாக்குமூலத்தை என் கைப்பட எழுதுகிறேன். யாரும் என்னை இப்படி எழுதச் சொல்லவில்லை.

என் அப்பா ஒட்டன்சத்திரத்திலிருந்து கேரளாவுக்குக் காய்கறி லாரி ஓட்டுகிறார். என் அம்மா ஓர் அரசு அலுவலகத்தின் ஆவண அறைக் கண்காணிப்பாளராக இருக்கிறார். அந்த அறையில் கிராமங்களின் பழைய நிலப் பதிவேடுகள் சிவப்புத் துணியில் கட்டி, இரும்பு அலமாரிகளில் வைக்கப்பட்டிருக்கின்றன. அங்கே கட்டுகளை எடுத்துக் கொடுப்பவர் காத்தமுத்து. அவரை நான் மாமா என்று அழைப்பதால் இனி அப்படியே எழுதுகிறேன். ஒரு கட்டை எடுத்தால் அந்த இடத்தில் எடுத்தவர் பெயரும் தேதியும் எழுதிய சீட்டை வைக்க வேண்டும் என்பது அம்மாவின் கட்டளை. வைக்காதவர்களிடம் அம்மா சத்தம் போடமாட்டார். "சீட்டு எங்க?" என்று மட்டும் கேட்பார். மாமா ஒருமுறை என்னிடம், "சீட்டு வைக்காம எடுத்தா ஒங்கம்மா ஆளையே துணியில கட்டி மேல் தட்டுல வச்சிருவாக பாப்பா" என்று சொன்னார். அம்மாவுக்குக் கேட்கும்படிதான் சொன்னார்.

27.09.2025 சனிக்கிழமை விடுமுறை நாள். ஆனால் பழைய பதிவேடுகளைக் கணினியில் ஏற்றும் வேலை இருந்ததால் அம்மாவும் மாமாவும் அலுவலகம் சென்றார்கள். அப்பா லாரியில் போயிருந்ததால் அம்மா என்னையும் அழைத்துச் சென்றார். காலை 11 மணிக்கு அம்மா ஸ்கேன் செய்யும் அறைக்குப் போனார். அதன் பிறகு மாமா டீ வாங்கப் போனார். அதன் பிறகு நான் தனியாக அலமாரிகளின் பெயர்ச்சீட்டுகளை வாசித்துக்கொண்டு வந்தேன். நான்காவது அலமாரியில் ஆத்தூர்க் கிராமத்தின் முதல் தொகுதியும் ஆறாவது அலமாரியில் அதே ஊரின் இரண்டாம் தொகுதியும் இருந்தன. எங்கள் பள்ளி நூலகத்தில் ஒரு நூலின் இரண்டு தொகுதிகளைப் பிரித்து வைக்கமாட்டோம். நான் நூலக மன்றச் செயலாளராக இருக்கிறேன். இங்கே யாரோ தவறாக வைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். பதிவேடுகள் வந்து சேர்ந்த ஆண்டின்படிதான் அடுக்கப்பட்டிருக்கின்றன என்பது அப்போது எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை.

அதன் பிறகு முதல் தொகுதியை அதன் துணியிலிருந்து பிரித்தேன். அது மெலிந்த புத்தகம். இரண்டாம் தொகுதியின் துணி பெரியது. அதை அவிழ்த்து இரண்டையும் சேர்த்து வைத்து, சடை ரிப்பன் கட்டுவதுபோல் பூ முடிச்சுப் போட்டு ஆறாவது அலமாரியிலேயே வைத்தேன். நான்காவது அலமாரியில் இடைவெளி தெரியாதபடி மற்ற கட்டுகளை நெருக்கி வைத்தேன். மிஞ்சிய சிவப்புத் துணியை ஆணியில் தொங்கிய மாமாவின் மஞ்சள் பைக்குள் போட்டேன். அந்தப் பையில் அவர் தூசி துடைக்கும் துணிகள் வைத்திருப்பார். துணி போதவில்லை என்று அன்று காலை அவர் சொன்னது எனக்கு நினைவிருந்தது. அம்மாவிடமும் மாமாவிடமும் சொல்லி ஆச்சரியப்படுத்த எண்ணியிருந்தேன். டீ வந்தது. அதன் பிறகு நான் கதைப் புத்தகம் படிக்க உட்கார்ந்து மறந்துவிட்டேன். மறுநாள் நத்தத்தில் உள்ள பெரியம்மா வீட்டுக்குப் போய் 05.10.2025 அன்றுதான் திரும்பினேன்.

அதற்கு இடையில் நடந்தவை அம்மா சொல்லித் தெரிந்தவை. 29.09.2025 அன்று ஆத்தூரைச் சேர்ந்த சுருளிவேல் என்ற விவசாயி, வாய்க்கால் வழக்கில் கோர்ட்டில் கொடுப்பதற்காக முதல் தொகுதியின் நகல் கேட்டு வந்தார். புத்தகம் இல்லை. சீட்டும் இல்லை. ஒரு வாரம் எல்லோரும் தேடினார்கள். ஆறாவது அலமாரியில் இரண்டாம் தொகுதி என்ற பெயரைப் பார்த்து அதைத் தாண்டிப் போயிருக்கிறார்கள். அதன் பிறகு மாமாவின் பையில் முதல் தொகுதியின் துணி மட்டும் கிடைத்தது; அதன் ஓரத்தில் ஊர்ப் பெயரும் தொகுதி எண்ணும் எழுதியிருந்தன. அவர் புத்தகத்தை எதிர்த்தரப்பிடம் கொடுத்துவிட்டார் என்று பேச்சு வந்தது. 07.10.2025 அன்று காவல் நிலையத்தில் புகார் கொடுக்கப்பட்டது. மாமாவுக்கு மெமோ எழுதியதும் அம்மாதான். பதினான்கு வருடத்தில் அவரிடம் ஒரு தாள்கூடத் தவறியதில்லை என்று அதிலேயே எழுதியதாகவும், மேலதிகாரி அந்த வரியை அடிக்கச் சொன்னதாகவும் அம்மா சொன்னார்.

நேற்று மாலை அம்மா அடுப்பில் குழம்பை வைத்துவிட்டு அப்பாவிடம் தொலைபேசியில் பேசும்போது மஞ்சள் பை, சிவப்புத் துணி என்ற சொற்கள் என் காதில் விழுந்தன. நான் நடந்ததைச் சொன்னேன். அம்மா என்னை அடிக்கவில்லை. அடுப்பை அணைத்தார். யாருக்கும் தெரியாமல் நாளைக்குப் போய்ப் புத்தகத்தைப் பழைய இடத்தில் வைத்துவிடலாமா என்று நான்தான் கேட்டேன். இதையும் மறைக்காமல் எழுதுகிறேன். அதற்கு அம்மா, "வைக்கலாம். எடுத்தவரே பயந்து திருப்பி வச்சுட்டாருன்னு சொல்லுவாக. காத்தமுத்தண்ணே செத்தாலும் அந்தப் பேரு போகாது" என்றார். அதன் பிறகு இருவரும் சாப்பிடவில்லை.

இன்று காவல் நிலையத்துக்குள் வரும்போது மாமா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் பேனா இல்லை. என்னைப் பார்த்ததும், "இன்னைக்குப் பள்ளிக்கூடம் போகலையா பாப்பா?" என்று கேட்டார்.

ஆவண அறைக்குள் என்னைத் தனியாக இருக்க அனுமதித்தது யார் என்று உதவி ஆய்வாளர் கேட்டார். வெளியாட்கள் உள்ளே வரக்கூடாது என்பதும் அம்மாவின் கட்டளைதான். நான் எழுதாமல் இருந்தேன். அம்மா தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து என் பக்கம் நகர்த்தி, "எழுது" என்றார். என்னை அனுமதித்தவர் என் அம்மா பிரிஸ்கில்லா.

அந்தக் கட்டை இன்னும் யாரும் அவிழ்க்கவில்லை. அதில் இருப்பது பூ முடிச்சு. மாமா அப்படிக் கட்டமாட்டார். உள்ளே இரண்டு புத்தகங்களுக்கும் நடுவில் நான் பென்சிலால் எழுதி வைத்த ஒரு தாள் இருக்கும். நூலகத்தில் அப்படி எழுதுவது என் வழக்கம். மாமாவை வைத்துக்கொண்டுதான் கட்டை அவிழ்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இதுவரை எழுதியதை உதவி ஆய்வாளர் வாசித்துவிட்டு, 11.40 மணிக்கு எங்கள் மூவரையும் அலுவலகத்துக்கு அழைத்துச் சென்றார். அலுவலர்கள் நின்று பார்த்தார்கள். கட்டு ஆறாவது அலமாரியில் நான் வைத்த இடத்திலேயே இருந்தது. முடிச்சைப் புகைப்படம் எடுத்த பின் மாமாவை அவிழ்க்கச் சொன்னார்கள். பூ முடிச்சு என்பதால் ஒரு நுனியை இழுத்ததும் அவிழ்ந்துவிட்டது. இரண்டு தொகுதிகளும் இருந்தன. நடுவில் தாள் இருந்தது. மாமா அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து எழுத்துக் கூட்டி வாசித்தார். "ஆத்தூர், தொகுதி 1, 2. சேர்த்துக் கட்டப்பட்டது. ஐரின். 27.09.2025."

அதன் பிறகு அவர் யாரையும் குறை சொல்லவில்லை. அம்மாவைப் பார்த்து, "சீட்டு இருக்கு மேடம்" என்றார்.

அம்மா தலையாட்டிவிட்டுத் தன் மேசையில் போய் உட்கார்ந்து, தன் பெயருக்கே ஒரு மெமோ எழுதத் தொடங்கினார். நான் காவல் நிலையம் திரும்பி இந்தக் கடைசிப் பத்திகளை எழுதினேன்.

மேலே உள்ளவை எல்லாம் நான் செய்ததும் பார்த்ததும் கேட்டதும்தான். கூட்டியும் எழுதவில்லை, குறைத்தும் எழுதவில்லை. முழுவதையும் ஒருமுறை வாசித்துப் பார்த்து, சரி என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) செ. ஐரின்

உடனிருந்து கேட்டவர்:
(ஒப்பம்) பிரிஸ்கில்லா, தாய்

என் முன்பாக எழுதப்பட்டது:
(ஒப்பம்) சுகன்யா, உதவி ஆய்வாளர்
09.10.2025, பிற்பகல் 1.50 மணி