பார்வைத் தூரம் பூஜ்யம்

இரவு இரண்டு மணி இருக்கும். விமானம் இறங்குகிற ஓடுபாதையின் கடைசி முனைக்குப் போகும் ஒற்றைச் சாலை... விளக்கு கிடையாது. இரண்டு பக்கமும் புல். அதைத் தாண்டினால் தண்ணீர் நிறைந்த பழைய கல்குவாரி. கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள், இதைக் கத்திச் சொல்ல முடியாது.

எதிர்வீட்டு டெய்லர் அக்காவின் நாத்தனாருக்கு நடந்தது இது. அவளுக்கு அந்தச் சின்ன விமான நிலையத்தில் வேலை. ஓடுபாதை முனையில் ஒரு கம்பம் நிற்கும். காற்று, மழை, பனி எல்லாவற்றையும் தானாகவே அளந்து, நிமிஷத்துக்கு ஒரு தரம் ரேடியோவில் விமானிகளுக்குச் சொல்கிற இயந்திரம். பக்கத்தில் மனுஷர் யாரும் வேண்டாம். அதன் கண்ணாடியை மட்டும் அவ்வப்போது துடைக்க வேண்டும். அழுக்குப் படிந்துவிட்டதோ, எதிரே பனி மூடிக் கிடந்தாலும் ‘எல்லாம் தெளிவு’ என்று அடித்துச் சொல்லிவிடும்.

துடைப்பது அவள் வேலை. மேலாளர்தான் விடவில்லை. அவருக்கு ஊழியர்கள் வைத்த பெயர் இஸ்திரி. அவர் சட்டை கசங்காது, அவர் வாயில் கசங்காத ஆளும் கிடையாது. “சும்மா சும்மா ஜீப்பை எடுத்துக்கிட்டு அங்க போகாதம்மா. டீசல் என்ன உங்க அப்பா வீட்டுதா?” என்பார். கேட்டுக் கேட்டு அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

அந்தக் கண்ணாடியை நம்பி, ஒரு பனி இரவில் சரக்கு விமானம் ஒன்று இறங்கியது. நேரே குவாரிக்குள். ஓட்டி வந்தது அவளுடைய கூடப்பிறந்த அண்ணன். உடம்புகூடக் கிடைக்கவில்லை.

அநியாயத்தைக் கேளுங்கள். விசாரணைக்கு ஆட்கள் வந்து சேர்வதற்குள் இஸ்திரி ஆள் அனுப்பிக் கண்ணாடியைப் பளபளவென்று துடைத்து வைத்துவிட்டார். “மெஷின்ல ஒரு குறையும் இல்ல. பைலட் குடிச்சிருந்தான்,” என்று வாய் கூசாமல் சொன்னார். பாவி! இருமல் மருந்து குடிக்கவே மூக்கைப் பிடித்துக்கொள்கிறவன் அவன். அண்ணி, அதுதான் நம்ம டெய்லர் அக்கா, வெளியே தலை காட்ட முடியவில்லை. தங்கைக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அந்த ஆளின் வாயாலேயே உண்மை வர வேண்டும்.

அதற்கப்புறம்தான் தொடங்கியது. நல்ல நிலா. ஒரு பொட்டுப் பனி இல்லை. அறையிலிருந்த ஒலிபெருக்கியில் இயந்திரத்தின் குரல்... “பார்வைத் தூரம் பூஜ்யம்.” ஒரு நிமிஷம் கழித்து மறுபடியும்... “பார்வைத் தூரம் பூஜ்யம்.” வந்த விமானங்கள் இறங்காமல் திரும்பிப் போயின. அவள் போய்த் துடைத்தாள். துடைத்துவிட்டு வந்து உட்கார்ந்தால் அதே குரல்.

இஸ்திரி தூக்கத்திலிருந்து எழுந்து வந்து குதித்தார். “வேணும்னே பண்றியா? உன் கொழுப்பை அடக்குறேன் இரு!” துணி, டார்ச், வாக்கிடாக்கியோடு ஜீப்பைத் தானே ஓட்டிக்கொண்டு போனார். அவள் ஜன்னலில் நின்று பார்த்தாள். கம்பத்தின் அடியில் ஜீப் நின்றது. வெள்ளைச் சட்டை இறங்கியது.

கர்ர்ர்... வாக்கிடாக்கி.

“என்னம்மா இது... திடீர்னு இவ்ளோ பனி? என் கையே எனக்குத் தெரியல. ஜீப்பைக் காணோம்.”

அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாள். நிலா பாலாகக் காய்கிறது. புல் நுனிகூடத் தெரிகிறது. ஜீப் அவர் முதுகுக்குப் பின்னால், கை நீட்டினால் தொடலாம். அவரோ ஒரு கையால் காற்றைத் துழாவுகிறார். அவர் குரலுக்குப் பின்னால் இன்னொரு சத்தம்... சொட்... சொட்... ஈரத் துணியிலிருந்து தண்ணீர் வடிகிற மாதிரி.

“உனக்கு நான் தெரியறேனா? வழி சொல்லு!”

“தெரியறீங்க சார். அன்னைக்குக் கண்ணாடி அழுக்கா இருந்துச்சா?”

“இப்ப அதுவா முக்கியம்?”

“எனக்கு அதுதான் சார் முக்கியம்.”

வெள்ளைச் சட்டை நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றியது.

“ஆமா, இருந்துச்சு! நான்தான் தொடைக்கச் சொன்னேன். அவன் குடிக்கவும் இல்ல. போதுமா? நாளைக்கு நீ யார்கிட்ட போய்ச் சொன்னாலும், சொல்லவே இல்லைன்னுருவேன். இப்ப வழியைச் சொல்லுடி!”

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அப்படியும், ‘ஜீப் உங்க பின்னாடிதான் சார்’ என்று சொல்லக் கட்டை விரலைப் பட்டனில் வைத்தாளாம். வார்த்தை தொண்டை வரைக்கும் வந்துவிட்டது என்று டெய்லர் அக்காவிடம் சத்தியம் பண்ணியிருக்கிறாள்.

அதற்குள் அவர் குரலில் ஒரு நிம்மதி.

“அப்பாடா... வந்துட்டியா. பிடி, பிடி. என்னம்மா, கையெல்லாம் ஈரமா... இப்படி ஜில்லுன்னு இருக்கு? பெட்ரோல் நாத்தம் வேற.”

அவள் அறையை விட்டு ஓர் அடி நகரவில்லை.

நிலா வெளிச்சத்தில் அவர் மட்டும் நடக்கிறார். வலது கை முன்னால் நீண்டிருக்கிறது, யாரோ இழுத்துக்கொண்டு போகிற மாதிரி. ஜீப்பை விட்டு, சாலையை விட்டு, புல்லுக்குள்... குவாரிப் பக்கமாக.

“ஏன் பேசவே மாட்டேங்கற? ... நீதானேம்மா? ... நீதானே?”

அவள் பட்டனை அழுத்தினாள்.

“நான்தான் சார். கையை விட்டுடாதீங்க.”