சூட்டுப் பெட்டிக்குள்ள சொட்டு

நோன்பு மாசம்... நோன்பு திறக்கிற மஃரிப் பாங்குக்குக் கொஞ்சம் முன்னாடி. அந்த நேரத்துல நம்ம ஒரான் ஊரு ரோட்டுல ஒரு பூனைகூட இருக்காது. எல்லாரும் ஷோர்பா சூப்புக் கிண்ணத்து முன்னால. சிரிக்காதடா ஜமால், இது என் கூட்டாளி முராதோட சித்திக்கு நடந்தது.

அவ பேரு ஹூரியா. ஆஸ்பத்திரி லேபுல வேலை. மாடி வார்டுல அவ மகன் அனீஸ், ஆறு வயசு, காய்ச்சல்ல கிடக்கான். குடுத்த மருந்து எதுவும் கேக்கல. ரத்தத்துல எந்தக் கிருமின்னு தெரிஞ்சாத்தான் சரியான மருந்து குடுக்க முடியும். அதுக்கு ஒரு பிளாஸ்டிக் பட்டை இருக்கு... குட்டிக் குட்டிக் குழியா. கிருமியைக் கரைச்சு ஊத்தி, அது வளர சூட்டுப் பெட்டியில ஒரு நாள் பூரா வைக்கணும். அப்புறந்தான் சொட்டு மருந்து விட்டு, மாறற நிறத்தை வச்சு எந்தக் கிருமின்னு பாக்கணும். முன்னாடியே விட்டா பட்டை பாழ்.

காலையில அனீஸோட பட்டையை வச்சா. நோன்பு திறக்க வீட்டுக்கு ஓடி, ரெண்டு வாய் சாப்பிட்டுத் திரும்பி வந்தா. பெட்டியைத் திறந்தா... சொட்டு விட்டிருக்கு. ஈரம்கூடக் காயல. லேப் சாவி அவ கைப்பையில.

காவலாளி பூஅலாம்தான் சொன்னான். "இது லக்தர் மாமா வேலை அக்கா, இங்க நோயாளியா கிடந்தாரே. போன நோன்புல அவரோட பட்டையை உள்ள வச்சிட்டு எல்லாரும் சாப்பிடப் போனீங்க. பாக்க ஆள் வர்றதுக்குள்ள மனுஷன் செத்துப் போயிட்டாரு. இப்ப அவருக்குக் காத்திருக்கப் பொறுக்கல."

"போடா கிறுக்கா"ன்னுட்டா. ஆனா மறுநாள் வீட்டுக்குப் போகல. வச்சது கடைசிப் பட்டை, வேற இல்ல. கதவைப் பூட்டிட்டு, சூட்டுப் பெட்டியை ரெண்டு கையாலயும் கட்டிப் பிடிச்சு நின்னா. பாங்கு சொன்னாங்க. ஒரு பேரீச்சம்பழத்தைக் கடிச்சா.

டப்.

பெட்டிக்குள்ள... மூடின பெட்டிக்குள்ள. மூக்கைக் குத்தற மருந்து நெடி.

"லக்தர் மாமா, உங்க காலைப் பிடிக்கறேன். எம்புள்ள மாமா. விடியற வரைக்கும் விட்டுடுங்க..."

டப்.

அனீஸை மறுநாள் அடக்கம் பண்ணாங்க. அவ என்னதான்யா செய்வா?

அந்த வாரமே புதுப் பட்டைங்க வந்துச்சு. வேற யாரோ நோயாளியோடதை வச்சிட்டு, பூட்டிட்டு, சாப்பிடப் போனாங்க. திரும்பி வந்து பாத்தா, வழக்கம்போல சொட்டு விட்டிருக்கு. ஆனா சூட்டுப் பெட்டி முன்னால ஏறி நிக்க வாகா ஒரு முக்காலி இழுத்துப் போட்டிருந்துச்சு.

லக்தர் ஆறடி ஆளு... அவருக்கு முக்காலி தேவைப்படாது.