சிலிக்கன் தகடும் அப்பாவின் செத்தவீடும்

உட்துறைமுக வீதியில் பஸ் நின்றிருந்தது. எனக்கு முன்னால் இருந்த பெண் பக்கத்திலிருந்த தன் அண்ணனிடம் சொன்னாள்:

"அப்பாட செத்தவீடு நடந்த அண்டைக்கு நான் அங்க வெளிநாட்டு லாபில ஒரு சிலிக்கன் தகட்டுக்குக் காவல் இருந்தனான்."

"என்ன தகடு?"

"அணுத் துகள்களை மோதவிடப்போற புது மெஷினுக்குள்ள வைக்கிறது. அதைச் சோதிக்க எங்களுக்கு அந்தக் கிழமை மட்டும்தான் தந்தவை. விட்டால் அடுத்த வருசம்தான்."

"மெஷின் எப்ப ஓடும்?"

"நான் பென்சன் எடுக்கிற காலத்தில."

அண்ணன் துறைமுகத்தில் நின்ற கப்பலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உனக்குப் பிளேன் டிக்கெட் கிடைக்கேல்லை எண்டுதான் நான் சனத்துக்குச் சொன்னனான். நீயும் அப்பிடியே சொல்லு."

"ஏலாது அண்ணா. அது பொய்."

அப்போது பஸ்ஸில் ஏறிய வயதான பெண் ஒருவர் அவளைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பாவம் பிள்ளை, டிக்கெட் கிடைக்கேல்லையாமே. கடைசியா அப்பாட முகம் பார்க்கக்கூட உனக்குக் குடுத்துவைக்கேல்லை."

அவள் தலை குனிந்துகொண்டாள்.

"ஓம், மாமி."