வடக்குச் சுவர்

எங்கள் வீட்டுக் கூடத்தில் சித்திரை வெயிலுக்கும் மின்விசிறி தேவைப்படாது. தாத்தா காலத்துச் சுண்ணாம்புச் சுவர், முழங்கை நீளத்துக்குக் கனம். மேலே தேக்கு உத்திரம். அதன்மேல் கட்டை அடுக்கி, செங்கல் பாவி, சுண்ணாம்பு போட்டு அடித்த மட்டப்பா. பாரம் அதிகம்தான், ஆனால் சூட்டைக் கீழே விடாது. பாண்டிசெல்வி அந்த மத்தியானம் அங்கே ஏன் படுத்திருந்தாள் என்று நேற்று கேட்டீர்கள். குளிர்ச்சியாக இருக்கும் என்றுதான் படுத்தாள். படுக்கச் சொன்னது நான்.

ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் மெயின்டனன்ஸ் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இயந்திரங்களோடு பழகியவனுக்கு அவசரம் வராது. நீங்களும் அவசரப்படாமல் எழுதிக்கொள்ளலாம்.

என் மனைவி காஞ்சனா போன பிறகு அந்த வீட்டில் நான் ஒருவன்தான். சில நாள் பால்காரரிடம் பேசும் ஒரு வார்த்தையோடு என் தொண்டைக்கு வேலை முடிந்துவிடும். கோயிலுக்குப் போனால் கூட்டம் இருக்கும். இருந்து என்ன, எல்லோரும் ஆண்டாளைப் பார்க்க வந்தவர்கள். என்னைப் பார்க்கவா வந்தார்கள். மகன் லக்ஷ்மண் கனடாவில் இருக்கிறான், நல்ல பையன். வாரம் தவறாமல் போனில் முகம் காட்டுவான். பேச விஷயம் தீர்ந்ததும் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் சும்மா சிரித்துக்கொண்டிருப்போம்.

வீட்டைப் பெரிதாக்கலாம் என்று சொன்னவன் அவன்தான். விடுமுறைக்கு வந்தால் பிள்ளைகளுக்கு ஏசி வேண்டும், அறையை ஒட்டிக் குளியலறை வேண்டும், குந்தி உட்காரும் கழிப்பறை அவர்களுக்கு ஆகாது. அதனால் கூடத்தின் வடக்குச் சுவரை இடித்து, அந்தப் பக்கம் கிடந்த காலியிடத்தில் புது அறையும் புது சமையலறையும் கட்டிக் கூடத்தோடு சேர்ப்பது என்று ஏற்பாடு. வைகாசியில் பால் காய்ச்ச நாள் குறித்தாகிவிட்டது. அவர்கள் வருவார்களா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் வருவதாகச் சொல்வான், பிறகு அவனுக்குத்தான் சங்கடம்.

கான்ட்ராக்டர் ஞானதுரை கெட்டிக்காரர், நிதானமானவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவதால் அன்று வேலை கிடையாது. எனக்கு ஞாயிறு பிடிக்காமல் போனது அதனால்தான். மற்ற நாளெல்லாம் கொத்தனார் சோலைச்சாமியின் கரண்டிச் சத்தமும், ஜல்லி கொட்டும் சத்தமும், ஆட்களின் கேலிப் பேச்சுமாக வீடு நிறைந்திருக்கும். புழுதியில் எனக்கு இருமல் வந்தது. அந்த இருமல்கூட எனக்குப் பிடித்திருந்தது.

பாண்டிசெல்வி சித்தாள். சோழபுரத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். புருஷன் கிடையாது, பள்ளிக்கூடம் போகும் ஒரு பெண் உண்டு. வேலைக்கு வந்த முதல் நாளே, தூக்குவாளியைத் திறந்துகொண்டே, "அய்யா, சாப்டீயளா? இல்லேன்னா சொல்லுங்க, கொழம்பு இருக்கு" என்றாள். அந்தக் கேள்வியை வீட்டுக்குள் யாரும் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது. அன்றிலிருந்து தினமும் கேட்டாள். அவள் கேட்க வேண்டும் என்பதற்காகவே சாப்பாட்டைத் தள்ளிப்போட ஆரம்பித்தேன்.

வேலை இழுத்ததற்கு ஞானதுரையைக் குறை சொல்கிறார்கள். அது நியாயமில்லை. பூச்சு காய்வதற்குள் குழாயைத் திறந்து விட்டவன் நான். நல்ல டைல்ஸை நிறம் சரியில்லை என்று திருப்பி அனுப்பியவனும் நான்தான். வைகாசி தவறினால் ஆனியிலும் ஆடியிலும் எங்களில் யாரும் புது வீட்டில் பால் காய்ச்ச மாட்டோம். ஆவணிதான். ஆடிப்பூரத் தேரையும் அந்த ஆட்களோடு சேர்ந்து பார்த்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். ஆசை பெரிதில்லை, நீங்களே சொல்லுங்கள்.

வடக்குச் சுவரை எடுத்ததும் உத்திரத்தின் அந்த முனைக்குத் தாங்கல் இல்லாமல் போனது. புது கான்கிரீட் பீம் வார்த்து, அது இறுகும்வரை உத்திரத்தின் அடியில் இரண்டு திருகு ஜாக்கிகளை முட்டுக் கொடுத்து நிறுத்தினார் ஞானதுரை. அந்தப் பக்கம் யாரும் போகக் கூடாது என்று தரையில் சுண்ணாம்பால் கோடும் போட்டார். முட்டில் ஒரு குறையும் இல்லை. நான் தட்டிப் பார்த்திருக்கிறேன்.

மறுநாள் காலையில் பாண்டிசெல்வி சிரித்துக்கொண்டே வந்தாள். "நாளையில இருந்து சோழபுரத்துலயே வேல கெடச்சிருச்சு அய்யா. வீட்டுப் பக்கம். இனி இம்புட்டுத் தூரம் பஸ்ஸுல தொங்க வேண்டாம்."

நல்லது என்றேன். சந்தோஷமாகவும் இருந்தது, அவளுக்காக. பிறகு உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்தேன். காஞ்சனாவைத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்குக்கூட நான் அப்படி உட்காரவில்லை.

உட்கார்ந்தபடியே யோசித்தேன். அவளுக்கு ஒரு கால் முறிந்தால் கூடுவதற்கு மூன்று மாதம் பிடிக்கும், ஆவணி வந்துவிடும். புது அறை தயாராக இருக்கிறது, குளியலறை பக்கத்திலேயே. அவளுடைய பெண்ணையும் வரவழைத்துக்கொள்ளலாம். சமையல் எனக்குத் தெரியும். என் வீட்டில் அடிபட்டவளை நான் பார்த்துக்கொள்வதை யாரும் தப்பாகப் பேச மாட்டார்கள்.

டைல்ஸ் பெட்டிகளைக் கூடத்தின் தெற்கே இரண்டு பக்கமும் அடுக்கச் சொன்னேன். நடுவில் பாய் விரிக்கும் அளவுக்குத்தான் இடம் மிஞ்சியது. நம் பக்கத்தில் யாரும் வடக்கே தலை வைத்துப் படுக்க மாட்டார்கள். செத்தவர்களைக் கிடத்தும்போதுகூடத் தெற்கே பார்த்துத்தான் தலை. ஆகவே அவள் தலை தெற்கே இருக்கும், கால் ஜாக்கிப் பக்கம் வரும். யோசிக்காமல் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள்.

மத்தியானம் ஆண்கள் கடைக்குச் சாப்பிடப் போனார்கள். பாயை நானே விரித்தேன். அவள் தயங்கினாள். "கோடு போட்டிருக்காவளே அய்யா" என்றாள். நான் மில்லில் இதைவிடப் பெரிய ஜாக்கியெல்லாம் பார்த்தவன், பயப்படாமல் செத்த நேரம் படு என்றேன். என் வார்த்தையை நம்பிப் படுத்தாள், தலை தெற்கேதான். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். வேலை செய்து களைத்தவர்களுக்குத் தூக்கம் உடனே வந்துவிடும்.

ஒரு ஜாக்கியை மட்டும் இறக்கினேன். கடப்பாரைத் துண்டைத் துளையில் கொடுத்து மெதுவாகத் திருப்பினேன். திருகில் சத்தமே இல்லை. உத்திரம் லேசாக முனகியது, சுண்ணாம்புத் தூள் உதிர்ந்தது. நான் புது அறைப் பக்கம் விலகிக்கொள்ள நேரம் இருந்தது. ஆனால் அவள் முழித்துவிட்டாள்.

அவளுக்குப் பின்னால் தெருவாசல் திறந்து கிடந்தது. எழுந்து தெற்கே ஓடியிருந்தால் கீறல்கூடப் பட்டிருக்காது. அவள் வடக்கே ஓடி வந்தாள். நான் உத்திரத்தின் அடியில் நிற்பதைத்தான் பார்த்தாள். கையில் இருந்ததைப் பார்க்கவில்லை. "அய்யா, மண்ணு விழுது, வெளிய போங்க" என்று என் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினாள். நான் புது அறைக்குள் மல்லாந்து விழுந்தேன். மட்டப்பா அவள்மேல் இறங்கியது.

படுத்தே இருந்திருந்தால் காலோடு போயிருக்கும். அதை நான் பலமுறை யோசித்துப் பார்த்துவிட்டேன், என் கணக்கில் தப்பில்லை.

ஆஸ்பத்திரியில் அவளுடைய பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, ஒங்களுக்கு ஒன்னும் ஆகலையே தாத்தா என்று கேட்டாள். ஆகவில்லை என்றேன். அம்மாவைப் போலவே பேச்சு.

ஞானதுரையை விட்டுவிடுங்கள், அவர் வேலை சுத்தம். ஜாக்கியை இறக்கியது நான், அவள் அடியில் இருக்கிறாள் என்று தெரிந்துதான் இறக்கினேன். வாக்குமூலத்தில் எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள்.

லக்ஷ்மண் போன் பண்ணினால் ஒன்று மட்டும் சொல்லுங்கள். அப்பாவுக்கு அங்கே யாரும் இல்லையே என்று அவன் மனசுக்குள் உறுத்திக்கொண்டே இருப்பான். உயிரைக் கொடுத்து என்னைக் காப்பாற்ற ஒருத்தி இந்த வீட்டில் இருந்தாள் என்று சொல்லுங்கள்.