காணாத கோடு வரைய மறுத்தவர்

மேடையில் இருக்கும் இயக்குநர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும், மறைந்தவரின் கணவரே, மகளே, முட்டைகளுக்குச் சூடு தரும் அடைகாப்பான்களைச் சற்று நேரம் பிறரிடம் ஒப்படைத்துவிட்டு வந்திருக்கும் ஆய்வகத் தோழர்களே, வணக்கம்.

நம் கருவளர்ச்சி ஆய்வகத்தின் ஓவியர் இன்று நம்மிடையே இல்லை. ஊருக்கு அவர் ஓவியர். நமக்கோ பென்சில் அக்கா. என்னைவிட ஒன்பது வயது இளையவர். இருந்தும் துறைத்தலைவனாகிய நான் அவரை அக்கா என்றே அழைத்தேன். ஏன்? அதைச் சொல்லத்தான் நிற்கிறேன்.

கோழிமுட்டை அடைக்கு வைத்த இரண்டாம் நாள், மஞ்சள் கருவின்மேல் சின்னச் சின்னத் திட்டுகள் தெரியும். குருதித் தீவுகள் என்போம். இதயம் துடிக்கும் முன்பே அங்கே இரத்தம் உருவாகத் தொடங்கிவிடும். தீவுகள் நீண்டு, ஒன்றையொன்று தொட்டு, நாளங்களின் வலையாகும். அந்த வலையை அக்காவைப்போல் வரைந்தவர் யார்? ஓட்டில் நகத்தளவு சன்னல் வெட்டி, நுண்ணோக்கியில் குனிந்தால், பக்கத்து மேசையில் கண்ணாடிக்குவளை உடைந்தாலும் நிமிரமாட்டார்.

பதினான்கு ஆண்டுகளுக்கு முன், கருவின் உடலையும் அந்த வலையையும் இணைக்கும் ஒரு மெல்லிய நாளத்தைப் பற்றிக் கட்டுரை எழுதினேன். அது உடலிலிருந்தே கிளைத்து வளர்கிறது என்பது என் வாதம். மூன்று ஆண்டு உழைப்பு. படம் மட்டுமே பாக்கி. அக்கா வரைந்த நாளமோ நடுவில் விட்டுவிட்டு இருந்தது.

"இது சேர்ந்துதாம்மா இருக்கும். கோடு போட்டுடுங்க" என்றேன்.

"சேர்ந்திருக்கறதக் காட்டுங்க சார், போட்டுடறேன். பாக்காதத எப்படி வரையறது?"

எனக்குச் சுருக்கென்றது. "நீங்க ஓவியரா, விஞ்ஞானியா?"

"ஓவியர்தான் சார். அதனாலதான் கேக்கறேன்."

நான் என்ன செய்தேன் தெரியுமா? வெளியாள் ஒருவரைக் கூப்பிட்டு அந்தக் கோட்டைப் போடவைத்தேன். வெட்கத்தோடு சொல்கிறேன். கட்டுரையை அனுப்பவிருந்த அன்று காலை, என் மேசையில் அக்கா வரைந்த பதினோரு தாள்கள் இருந்தன. பதினோரு முட்டைகள், ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஒரு மணி நேரம் மூத்தது. முதல் தாளில் தனித்தனித் துண்டுகள். கடைசித் தாளில் அவை கூடி ஒரே நாளம். நானே நுண்ணோக்கியில் குனிந்து பார்த்தேன். நாளம் உடலிலிருந்து கிளைக்கவில்லை; என் வாதம் தரைமட்டம்.

கட்டுரையைக் கிழித்துப் போட்டுப் புதிதாக எழுதினேன். அவர் பெயரை என் பெயருக்கு முன்னால் போட்டேன். அன்றுமுதல் அக்கா என்றேன். "வயச ஏத்திட்டீங்களே சார்" என்று சிரித்தார். ஒரு நாளும் என் தவறைச் சொல்லிக்காட்டவில்லை. என்ன பெருந்தன்மை!

கடந்த ஆண்டு நோய் அவர் கையை நடுங்கவைத்தது. இடக்கையால் வலக்கையைப் பிடித்துக்கொண்டு வரைந்தார். போன வாரம் அவர் மகள் என்னிடம் பாதியில் நின்ற ஒரு தாளைக் கொடுத்தார். முப்பத்தெட்டாம் மணி நேரக் கரு, வலப்பக்கம் வெறுமை. "மனசுல இருக்கறத வச்சு முடிச்சிடாதீங்க, முட்டையத் திறந்து பாத்துட்டு முடிங்கன்னு அம்மா சொன்னாங்க" என்றார்.

தோழர்களே, இந்த அவையில் உறுதி சொல்கிறேன். நாளை மாலை பன்னிரண்டு முட்டைகளை அடைக்கு வைக்கிறோம். அவை காட்டும்வரை அந்த வலப்பக்கம் வெறுமையாகவே இருக்கும்.