சின்னச் சீட்டுக்கு அவரு

அப்படியில்ல தங்கச்சி. பெரிய சீட்டு வச்சிருக்கவ எல்லாத்தையும் வாரிக்கிட்டுப் போறது வேற ஆட்டம். இதுல நடுவுல இருக்கறது ரெண்டாப் பிரியும். ஒசந்த சீட்டுக்காரிக்கு ஒரு பாதி, எறங்கின சீட்டுக்காரிக்கு ஒரு பாதி. ஹை, லோன்னு சொல்லுவாங்க. ஹைக்கு இந்த வீட்டுச் சாவி. லோவுக்கு இதோ, அவரு கண்ணாடி. கண்ணாடி யாருக்கோ, அவரும் அவளுக்குத்தான். வக்கீல் வாசல்ல நின்னு ரெண்டு பேரும் மானத்த வாங்கிக்கறதுக்கு இது எவ்வளவோ தேவல.

தங்கச்சின்னா ஏன் மொகம் சுருங்குது? ஒரே ஆளக் கட்டிக்கிட்டவளுங்க வேற எப்படிக் கூப்பிட்டுக்கறது. சரி, நீ கட்டிக்கல. அதுக்குத்தான வந்திருக்க.

கண்ணாடி இல்லாம என்ன பண்றாரா? உள்ள படுத்திருக்காரு. முடிச்சுட்டுப் பாக்கலாம். அவருதான உனக்கு மெசேஜ் போட்டாரு, அவ சொல்ற ஆட்டத்த ஆடு, லோவப் புடி, என்னைக் கூட்டிட்டுப் போயிடுன்னு. நானும் பாத்தேன்.

ஆளுக்கு ஏழு சீட்டு. அதுல எந்த அஞ்சையும் ஹைக்கு எடுக்கலாம், எந்த அஞ்சையும் லோவுக்கு எடுக்கலாம். ஆனா லோவுக்கு அஞ்சும் எட்டோ அதுக்குக் கீழயோ இருக்கணும், ஜோடி இருக்கக் கூடாது. ஏஸ ஒண்ணுன்னு வச்சுக்கலாம். யாருக்குமே லோ அமையலன்னா ஹை ஜெயிச்சவளுக்கே மொத்தமும். வீடும் அவரும். எனக்கு அது ஒண்ணுதான் பயம்.

ஆறு போட்டாச்சு. காட்டு, கத்துக்கறவதான. ஏஸ், மூணு, நாலு, ஏழு. இது நாலும் தங்கம். அந்த ரெண்டு ராஜாவப் பாத்துப் பல்ல இளிக்காத, அது வீட்டுக்குத்தான் வழி, அவருக்கு இல்ல. இப்ப ரெண்டு, அஞ்சு, ஆறு, எட்டு, இதுல ஒண்ணு வந்தா அவரு உனக்கு. வரலன்னா, என் தலையெழுத்து.

என் மொகத்த ஏன் பாக்கற? தாலி கட்டினவன விட்டுக் குடுக்கறதுன்னா சும்மாவா.

திருப்பு. மெதுவா என்ன மெதுவா, திருப்பு.

ரெண்டு.

அப்பாடா.

எங்கிட்ட மூணு ராணி, உன் ரெண்டு ராஜாவ விட அது ஒசத்தி. ஹை என்னுது, சாவிய எடுத்துக்கறேன். ஏன் அழற, ஜெயிச்சிருக்க. ஞாயித்துக்கிழமை ஆனா இங்க என் சோறு ஆறிக் கெடக்கும், அவரு உன் வீட்டுல உக்காந்திருப்பாரு. இனிமே ஏழு நாளும் உன் வீட்டுலதான். உன்னை நான் மன்னிக்கல, அத மட்டும் தெரிஞ்சுக்கோ.

பின்னாடி ரூம்லதான் இருக்காரு. வீல்சேர் கதவுக்குப் பின்னாடி மடிச்சு வச்சிருக்கேன். போன மாசம் வாதம் அடிச்சு வலது பக்கம் சுத்தமா விழுந்துருச்சு, தூக்கும்போது அந்தத் தோளப் புடிச்சு இழுக்காத. எதுவா இருந்தாலும் கரைச்சுதான் ஊட்டணும். ரெண்டு மணி நேரத்துக்கொரு தரம் பொரட்டிப் போடு, இல்லன்னா முதுகு புண்ணாயிடும். பேச்சு கெடையாது. பேரச் சொன்னா கண்ணு அசையுமான்னு டாக்டர் பாக்கச் சொன்னாரு. என் பேரச் சொன்னேன், அசையல. உன் பேரச் சொல்லிப் பாத்தேன், அசைஞ்சுது.

மெசேஜா? அவருக்குக் கை எங்க வருது. நான்தான் அடிச்சேன். உன்னை ராசாத்தின்னு கூப்பிடுவாரு போல, பழசெல்லாம் படிச்சுப் பாத்து அதே மாதிரி அடிச்சேன்.

இந்தா, கண்ணாடிய மறந்துட்டுப் போற பாரு.