டாக்குத்தரம்மா சொன்ன பதில்

பருத்தித்துறைக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் இருவர் இருந்தார்கள். ஒருவர் தோட்டக்காரர். மற்றவர் கோட்டுப் போட்ட கிளாக்கர். தோட்டக்காரர் கனநேரம் தயங்கிவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"ஐயா, ஒவ் கோர்ஸ் எண்டால் ஓமோ, இல்லையோ?"

"ஆர் சொன்னது?"

"ஆசுப்பத்திரியில வெள்ளைக்கார டாக்குத்தரம்மா. என்ரை மனிசிக்கு வயித்தில ஒப்பிரேசன். பிழைப்பாளோ எண்டு கேட்டன். அவவுக்குத் தமிழ் விளங்கும், கதைக்க வராது. ஒவ் கோர்ஸ் எண்டு சொல்லிப்போட்டு உள்ளுக்குப் போயிட்டா."

"சிரிச்சவவோ?"

"இல்லை. கையைக் கழுவிக்கொண்டு சொன்னா. அதுதான் எனக்குப் பயம். இவளின்ரை தமையன்மாரைக் கூட்டிவரப் போறன். கடைசியாய் ஒருக்கா முகத்தைப் பாக்கட்டும்."

எனக்கும் அந்தச் சொல் தெரியாது. நானும் கிளாக்கரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"விசர்க் கதை கதையாதையும் காணும். பிழைப்பாள், இதைக் கேக்கவும் வேணுமோ எண்டுதான் அதுக்குக் கருத்து. வெறும் ஓமை விடப் பெரிய ஓம்."

"மெய்யாயோ ஐயா?"

"ஒவ் கோர்ஸ்!"

பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். அப்போதுதான் எனக்கும் மூச்சு வந்தது. தோட்டக்காரர் சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு நடுவழியில், நீர்வேலிச் சந்தியில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி எழும்பினார்.

"என்ன காணும், மச்சான்மாரிட்டைப் போகேல்லையோ?"

"வேண்டாமையா. அவங்கள் எல்லாரும் வந்து கட்டிலைச் சுத்தி நிண்டால், தான் சாகப்போறன் எண்டு அவள் நினைச்சிடுவாள்."